ஞாயிறுதோறும் ஒரு கேள்வி

வில்பட்டியில் யாரைக் கேட்டாலும் மணிமேகலையைக் கெட்டிக்காரி என்பார்கள். கொடைக்கானல் டவுனில் ஹோட்டல் ரிசப்ஷனில் நின்று நாலு பாஷையில் பதில் சொல்கிறவள், அங்கே நின்றபடியே ஊரில் இருக்கும் அப்பாவின் சர்க்கரையையும் கட்டிப்போட்டுவிட்டாள் என்று பேச்சு. அந்தப் பேச்சு அவள் காதுக்கும் வந்தது. அவள் மறுக்கவில்லை.

வாராவாரம் இந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்களுக்கு மிச்சமெல்லாம் தெரியும். இன்றைக்குத்தான் முதல்முறையாக எட்டிப்பார்க்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

பூண்டு விவசாயி பழனிமுத்து போன ஐப்பசியில் தோட்டத்தில் மயங்கி விழுந்தார். சர்க்கரை தலைக்கு மேல் ஏறியிருந்தது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் அஜித்குமார் ஒரு புதுப் போனும், ரத்தம் பார்க்கும் சின்ன மிஷினும் வாங்கி அனுப்பிவிட்டு, தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டான். மகள் மணிமேகலை அப்படி விடுகிற ஆள் இல்லை. அந்தப் போனில் ஒரு ஆப்பைப் போட்டு, தன் போனோடு அதை இணைத்தாள்.

காலையில் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மிஷினில் வைத்தால் போதும். நம்பர் அப்பாவின் போனுக்குப் போகும். அங்கிருந்து மணிமேகலையின் போனுக்கும், கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் ரோகிணி என்ற நர்ஸுக்கும் போகும். நம்பர் நன்றாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்த அன்றைக்கு மணிமேகலை போனில் போடுகிற சத்தத்தில் வில்பட்டியில் அவள் அம்மா அழகம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடி கேட்டுக்கொள்வாள்.

மார்கழி பிறந்து, பழனிக்கு நடக்க அப்பா மாலை போட்டார். அன்றிலிருந்து தினமும் பச்சை. நம்பர் இறங்கிக்கொண்டே வர, ரோகிணி தங்கள் டாக்டரைக் கேட்டு ராத்திரி போடும் இன்சுலின் ஊசியை முதலில் குறைக்கச் சொன்னாள், பிறகு நிறுத்தவே சொன்னாள். மற்றவர்களுக்கு உதாரணமாக அப்பாவின் போட்டோவை ஆப்பில் போடலாமா என்றுகூடக் கேட்டிருந்தாள்.

நம்பர் தவிர, ஞாயிற்றுக்கிழமை ஒரு கேள்வியும் வரும். பாதத்தில் புண் உள்ளதா, ஆமா, இல்லையா. அதைப் பார்த்துப் பதில் போடுவது மணிமேகலையின் பொறுப்பு. முதல் வாரம் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் போட்டாள். அதற்கப்புறம் ஞாயிறு என்றால் ஹோட்டலில் கூட்டம். ஒரு கையில் ரூம் சாவியை நீட்டிக்கொண்டே மறு கையால் 'இல்லை' என்பதை அமுக்கிவிடுவாள். பதில் போடாவிட்டால் அந்த வாரத்துப் பச்சை நட்சத்திரம் போய்விடும்.

இன்றைக்கும் ஞாயிறுதான். நாளை விடியலில் வில்பட்டிச் சாமிகள் மலையிறங்குகிறார்கள். மணிமேகலை லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து, யாருக்கும் சொல்லாமல் ஊருக்கு வந்து இறங்கினாள். பையில் சூடம், புது வேட்டி, போனுக்குப் போட்டுக்கொள்ள ஒரு பவர் பேங்க். வழியில் சார்ஜ் இறங்கிவிட்டால் ஆப்பில் அப்பாவின் நடை ஏறாமல் போய்விடும் என்ற கவலை அவளுக்கு.

பஸ் நிறுத்தத்துக்குக் கீழேதான் அவர்கள் பூண்டுத் தோட்டம். ராத்திரி உறைபனி விழுந்து பூண்டுத் தாளெல்லாம் வெளுத்துக் கிடந்தது. வெயில் படுவதற்குள் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவிவிடாவிட்டால் பயிர் கருகிவிடும். பழனிமுத்து காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாத்தி நடுவே சேற்றில் வெறுங்காலோடு நின்று, ரெண்டு கையாலும் ரப்பர் ஓஸைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

மாலை போட்டவர் செருப்புப் போடக்கூடாது. அந்தக் குளிரில் அவரைப் பார்த்ததும் மணிமேகலை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"என்னத்தா, வெள்ளனே வந்துட்ட? வரேன்னு சொல்லவே இல்லையே?"

"உங்களை வழியனுப்ப வேண்டாமா? எத்தனை பேர் கிளம்புறீங்க?"

"ஊரே கெளம்புது. பொன்னுவேல் குருசாமிக்கே இந்த வருசம் கால் கடுக்குதாம். நான்தான் முன்னால நடக்கணுங்குறாரு."

அவள் சிரித்தாள். அப்போதுதான் கையில் இருந்த போன் டிங் என்றது. பழக்க தோஷத்தில் பார்த்தாள்.

பழனிமுத்து, 86. சபாஷ், இன்றும் கட்டுக்குள். பச்சை.

அவள் போனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஓஸை விடவில்லை. ரெண்டு கையிலும் சேறு.

நெட் மெதுவாக இருந்து பழைய நம்பர் இப்போது வந்திருக்கும் என்று நினைத்தாள். நேரத்தைப் பார்த்தாள். இந்த நிமிடம்தான்.

"அப்பா, போன் எங்க?"

"வீட்டுல. உங்க அம்மாகிட்ட."

"இன்னைக்குக் குத்தினீங்களா?"

அப்பா தண்ணீர் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ம்."

"எந்த விரல்ல?"

"ஏதோ ஒரு வெரலு. சோலியா இருக்கேன்ல, நீ வீட்டுக்குப் போ. பனி எறங்குது."

மணிமேகலை வீட்டுக்கு நடந்தாள். பிறகு ஓடினாள்.

அழகம்மாள் அடுப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த மிஷின், போன், பிரித்துப்போட்ட ஊசி. இடதுகைச் சுண்டுவிரல் வாயில் இருந்தது. மகளைப் பார்த்ததும் விரலை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"நீ எப்படி வந்த?"

"யாரு ரத்தம்மா அது?"

"கத்தாத. பக்கத்து வீட்டுல ஆளு இருக்கு."

"கையைக் காட்டு."

அழகம்மாள் காட்டவில்லை. மணிமேகலைதான் பிடித்து இழுத்துத் திருப்பினாள். பத்து விரலின் நுனியிலும் கறுப்புப் புள்ளிகள். பூண்டுத் தோல் உரித்து வெடித்துப்போன கையில் குத்துவதற்கு இடம் தேடித் தேடிக் குத்தியிருந்தாள்.

"சாமிதான் வேணாம்னுருச்சு" என்றாள் அழகம்மாள். மாலை போட்ட நாளிலிருந்து அவளுக்குப் புருஷன் புருஷன் இல்லை, சாமி. "மாலை போட்ட ஒடம்புல ரத்தம் எடுத்தா தீட்டுன்னுருச்சு. மொத நாளு நம்பர் வரலைன்னு நீ ரெண்டு வாட்டி போனைப் போட்டுட்ட. என் வெரல்ல குத்தி வச்சேன். பச்சை வந்துச்சு. நீயும் சிரிச்சுப் பேசுன."

"ஒரு நாள் சரி. தினமுமா?"

"மறுநாளும் நீ சிரிச்சுப் பேசுன."

மணிமேகலை தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. மிஷினில் ரத்தம் வைக்கவும், பச்சையா சிவப்பா என்று பார்க்கவும் மட்டும்தான் அஜித்குமார் போனில் சொல்லிக்கொடுத்திருந்தான். சொல்லிக்கொடுத்ததை அவள் ஒழுங்காகச் செய்திருக்கிறாள்.

சாமிக்காக வீட்டில் அவளும் ஒருவேளைச் சாப்பாடுதான். பட்டினி கிடந்த உடம்பின் ரத்தம், எண்பதிலும் தொண்ணூறிலும் நின்றது. அதைப் பார்த்துத்தான் கோயம்புத்தூரில் ஊசியை நிறுத்தினார்கள். சாமியோ ஒவ்வொரு சாயங்காலமும் பஜனை மடத்தில் சர்க்கரைப் பொங்கலும் பஞ்சாமிர்தமும் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒண்ணும் சொல்லலை."

"ஊசியை நிறுத்தச் சொன்னாங்களே, அப்பவுமா வாயைத் தெறக்கலை?"

"டாக்டரே சொல்றாக, நாம என்னத்தைக் கண்டோம்னுச்சு. முருகன் பாத்துக்கிருவான்னுச்சு. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு மேகலா. தெனமும் நார்மல் நார்மல்னு வருதுல்ல."

"அது உன் நார்மல்ம்மா."

அழகம்மாள் பிரித்துப்போட்ட ஊசியைப் பொறுக்கினாள். தெரியாத விஷயமா என்ன? தன் விரலில் தானே குத்திக்கொண்டவள்தானே. ஆனாலும் விடிந்தால் பச்சை, விடிந்தால் பச்சை என்று பார்த்துப் பார்த்து, அது யாருடைய பச்சை என்பதை அவள் மெள்ள மறந்துவிட்டிருந்தாள். பயந்துபோன மனுஷிக்கு அது வசதியாகவும் இருந்தது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "கால்ல."

வாசல் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பழனிமுத்து தோட்டத்திலிருந்து வந்துவிட்டார். மணிமேகலை வெளியே போவதற்கு முன்னாலேயே வாடை வந்தது. குவித்துவைத்த முட்டைக்கோசு அடியில் அழுகினால் வருமே, அந்த வாடை.

இடது பாதத்தில் பழைய துணி ஒன்றைச் சுற்றியிருந்தார். சேறு போகத் தண்ணீர் ஊற்றியபோது துணி நெகிழ்ந்தது. மணிமேகலை குனிந்து அதை எடுத்தாள். மஞ்சளும் விபூதியும் குழைத்துப் போட்ட பூச்சுக்கு அடியில் பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்துப் போயிருந்தன. பாதத்தின் மேல்புறம் உப்பி, பளபளவென்று கணுக்கால் வரை சிவந்திருந்தது.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்லத்தா. பஜனை மடத்துல குளிர் காஞ்சோம். நெருப்பு லேசாச் சுட்டுருச்சு."

"லேசாவா? இப்படிச் சுடுற வரைக்கும் காலை எடுக்கலையா?"

"தெரியலையே. கால் மரத்துல்ல கெடந்துச்சு. எல்லாச் சாமிக்கும் மரத்துத்தான் கெடக்கு."

இங்கேதான் மோசம் போனது. தை மாசப் பனியில் செருப்பில்லாமல் திரிகிற முப்பது நாற்பது பேருக்கும் கால் மரத்துத்தான் போகும். சாயங்காலம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து காலை நீட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் சுள்ளென்று உணர்வு வரும், இழுத்துக்கொள்வார்கள். பழனிமுத்துவுக்கு அந்தச் சுள் வரவே இல்லை. பனியில் மரத்த காலும் சர்க்கரையில் மரத்த காலும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அவருக்கு விரதம் தொடங்கும் முன்பே அந்தக் கால் செத்துக்கொண்டிருந்தது. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் அது தெரியவில்லை.

மணிமேகலை விரலால் அந்தக் கறுப்பை அழுத்தினாள். "வலிக்குதா?"

"வலியே இல்லத்தா. அதான் சொல்றேன்ல, ஒண்ணுமில்லைன்னு."

வலிக்கிறது என்று அவர் கத்தியிருந்தால் அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. எழுந்து, "கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு" என்றாள்.

"நாளைக்கு மலையெறங்கணும். பழனியில போயி மாலையைக் கழட்டிட்டு வந்து காட்டிக்கிறேன்."

"இந்தக் காலோடயா?"

"மாலையோட ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன். நடுவுல கழட்டவும் மாட்டேன். வம்பு பண்ணாத மேகலா. முருகன் குடுத்த கால், அவன்கிட்ட நடந்து போயிச் சேந்துட்டா அவன் பாத்துக்குவான்."

மணிமேகலை கெஞ்சினாள். திட்டினாள். திருப்பூருக்குப் போன் போட்டுத் தம்பியைப் பேசவைத்தாள். அவன் "அப்பா, அப்பா" என்று ரெண்டு தடவை சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான். பழனிமுத்து காவி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பூஜை அலமாரியைப் பார்க்க நடந்தார். ஈரத் தரையில் இடது கால் பட்ட இடமெல்லாம் மஞ்சளாகத் தடம் விழுந்தது.

"ஏங்க" என்றாள் அழகம்மாள்.

மார்கழியிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்காத சொல். பழனிமுத்து திரும்பினார்.

"என்ன புள்ள, சாமியை அப்படிக் கூப்புடுற?"

"சாமி இல்லைங்க நீங்க. சாமின்னு சொல்லிச் சொல்லித்தான் இம்புட்டும் ஆச்சு." அவள் குரல் ஏறவில்லை. "மாலை போட்ட மொத நாளே நான் பொய் ரத்தம் வச்சேன். நீங்க பாத்துக்கிட்டு நின்னீக. அன்னைக்கே விரதம் முறிஞ்சு போச்சு. இப்பக் கழுத்துல கெடக்கறது வெறும் மணி. நடந்தாலும் சேராது."

பழனிமுத்து மாலையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு மாசத்துக்கு மேலாக அவர் மனசின் மூலையில் கிடந்த பேச்சை அவள் எடுத்து வாசலில் போட்டுவிட்டாள்.

அவள் கிட்டே போய் மாலையைத் தானே கழற்றினாள். முருகன் படத்து ஆணியில் மாட்டினாள். அவர் தடுக்கவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டு, ஊருக்குப் புதிதாக வந்தவர் மாதிரி நின்றார்.

பக்கத்துத் தோட்டத்தில் காரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த செல்வமுருகன்தான் ஜீப்பைக் கொண்டுவந்தான். ஒரு கேள்வி கேட்காமல் பழனிமுத்துவைத் தூக்கி முன் சீட்டில் வைத்தான். பெண்கள் ரெண்டு பேரும் பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்தார்கள். வழியில் பஜனை மடத்து வாசலில் நின்ற சாமிகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பழனிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கொடைக்கானல் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏரிக்கரையில் வண்டி நகரவே இல்லை. சைக்கிள் ஓட்டுகிறவர்களும் குதிரைக்காரர்களும் சோளம் விற்கிறவர்களும் ரோட்டை அடைத்துக்கொண்டிருக்க, செல்வமுருகன் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினான். ரோகிணியைக் கூப்பிடலாமா என்று மணிமேகலை போனை எடுத்தாள். என்ன என்று சொல்லிக் கூப்பிடுவது? மறுபடி பைக்குள் போட்டாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தவர் சத்தியபிரியா என்ற சின்ன வயசு டாக்டர். துணியைப் பிரித்தவுடனேயே அவர் முகம் மாறியது. முதலில் சர்க்கரை பார்த்தார். ஆஸ்பத்திரி மிஷினில் நம்பரே வரவில்லை.

"மிஷின் ரிப்பேரா டாக்டர்?" என்று கேட்டாள் மணிமேகலை.

"இல்லம்மா. மிஷினால அளக்க முடியாத அளவுக்கு ஏறிக் கெடக்கு."

ஊசி, டிரிப், ரத்த டெஸ்ட் என்று எல்லாம் மளமளவென்று நடந்தது. பிறகு டாக்டர் மணிமேகலையைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தள்ளி நிறுத்தினார். ரொம்பத் தள்ளவில்லை, அந்த வார்டில் தள்ளுவதற்கு இடம் இல்லை.

"மதுரைக்கு இப்பவே கொண்டு போகணும். ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு."

"கால் சரியாயிருமா டாக்டர்?"

"விரலோட நிக்குமா, பாதத்தை எடுக்கணுமா, முழங்காலுக்குக் கீழயான்னு அங்க பாத்துத்தான் சொல்வாங்க. விஷம் ரத்தத்துல ஏறியிருக்கு. இப்பக் காலைப் பத்தி யோசிக்காதீங்க. ஆளைப் பத்தி யோசிங்க."

மணிமேகலை தலையாட்டினாள். தலை ஆடிக்கொண்டே இருந்தது.

"ஊசி போட்டுக்கிட்டிருந்தவர்தானே? எப்ப நிறுத்தினீங்க, ஏன் நிறுத்தினீங்க? அங்கே கேப்பாங்க, நான் எழுதி அனுப்பணும்."

வேறு வழியில்லாமல் போனைத் திறந்து கொடுத்தாள். டாக்டர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வரிசையாகப் பச்சை.

"இது இவரோட நம்பரே இல்லையே."

"என்னோடதுங்க" என்றாள் அழகம்மாள் பின்னாலிருந்து. "நான்தான் என் ரத்தத்தை வச்சேன்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று ரெண்டு பேரும் காத்திருந்தார்கள். அவர் திட்டவில்லை, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்.

"வாராவாரம் பாதத்தைக் கேட்டிருக்கு. எல்லா வாரமும் புண் இல்லைன்னு பதில் இருக்கு. போன வாரமும் இல்லைன்னு இருக்கு. போன வாரமே இது கறுக்க ஆரம்பிச்சிருக்கணுமே. காலைப் பாத்து இதைப் போட்டது யாரு?"

நாலு பாஷையில் பதில் சொல்கிறவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுவும் நான்தாங்க" என்றாள் அழகம்மாள். "புள்ள டவுன்ல இருக்கு. அதுக்கு என்ன தெரியும்? எல்லாம் நான்தான் அமுக்குனேன்."

டாக்டர் எழுதிக்கொண்டார். மணிமேகலை அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. அப்பாவின் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். பழனிமுத்து கண்ணை மூடியிருந்தார். தூங்கினாரா, கேட்டாரா, தெரியவில்லை.

நான் என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. டாக்டர் பேனாவை மூடுவதற்குள் சொல்லியிருக்கலாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் சொல்லியிருக்கலாம். மணிமேகலை சொல்லவில்லை. அப்பா பிழைத்து வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு சமாதானம் ஓடியது. மானங்கெட்ட சமாதானம் என்று அவளுக்கே தெரிந்தது.

ஆம்புலன்ஸ் இறங்கத் தொடங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. தலைமாட்டில் அழகம்மாள், கால்மாட்டில் மணிமேகலை. வெள்ளி அருவிப் பக்கம் டூரிஸ்ட் வேன்கள் ரோட்டின் ரெண்டு பக்கமும் நின்றன. சைரன் கேட்டும், போட்டோ எடுக்கிறவர்கள் இன்னும் ஒன்று எடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். டிரைவர் ஜன்னலைத் திறந்து வைதுகொண்டே ஓட்டினார்.

கட்டுப் போட்ட பாதம் மணிமேகலையின் மடிக்குப் பக்கத்தில் இருந்தது. வளைவுகளில் ஆடாமல் அதை அவள் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கட்டுக்கு மேலேயும் சூடு தெரிந்தது. ஹோட்டலில் ஒவ்வொரு ஞாயிறும் நூறு பேருக்கு வணக்கம் சொல்கிற நேரத்தில், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பஸ் ஏறி வந்து இதைப் பார்த்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று நினைத்தாள். நினைத்தபோது அழுகை வந்தது. அழுதாள்.

பெருமாள்மலை தாண்டி ஒரு வளைவில் சிக்னல் திரும்ப வந்தது. போன் டிங் என்றது.

"என்னத்தா சத்தம்?" பழனிமுத்து கண்ணைத் திறக்காமல் கேட்டார். நாக்கு குழறியது.

"ஒண்ணுமில்லப்பா. ஆப்பு."

"என்ன கேக்குது?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை. "பாதத்துல புண் இருக்கான்னு கேக்குது."

"இதை எப்பெப்பக் கேக்கும்?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை."

ஆம்புலன்ஸ் இன்னொரு வளைவில் திரும்பியது. அவள் பாதத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"போன ஞாயிறும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அதுக்கு முந்துன ஞாயிறு?"

"அதான் ஆஸ்பத்திரியிலயே சொன்னேனே" என்று அழகம்மாள் குறுக்கே விழுந்தாள். "நான்தான் இல்லைன்னு..."

"நீ சும்மா இரு புள்ள. ஒனக்கு எழுத்துக் கூட்ட வராது." அவர் கண்ணைத் திறந்து கால்மாட்டைப் பார்த்தார். "நீயாத்தா?"

"நான்தாம்ப்பா."

"பாக்காமயா போட்ட?"

"பாக்காமத்தான்."

பழனிமுத்து வண்டியின் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அழகம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அவர் கோபப்படுவார், அழுவார், போகட்டும் விடு என்பார் என்று மணிமேகலை ஒவ்வொன்றாக எதிர்பார்த்தாள்.

"இப்ப என்னன்னு போடப் போற?" என்று மட்டும் கேட்டார்.

மணிமேகலை 'ஆம்' என்பதை அமுக்கினாள். அந்த ஆப்பில் அவள் அதை அமுக்குவது அதுதான் முதல் தடவை. திரை முழுக்கச் சிவந்தது. அடுத்த வளைவு வருவதற்குள் போன் அடித்தது. வண்டியின் ஆட்டத்தில் விரல் தவறி ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"மணிமேகலை, நான் ரோகிணி பேசறேன். அப்பாவுக்குக் கால்ல புண்ணுன்னு எங்களுக்கு இப்பத்தான் வந்துச்சு. டாக்டரையும் லைன்ல கூப்பிட்டுட்டேன், ஒரு நிமிஷத்துல வந்துருவாங்க. இதுக்குன்னே ஞாயித்துக்கிழமையும் ஆள் இருக்கோம்" என்றது அந்தப் பிரியமான குரல். "நீங்க பயப்படவே வேண்டாம். புண்ணு வந்த உடனே சொன்னா எந்தக் காலையும் காப்பாத்திரலாம். சொல்லுங்க, எப்ப இருந்து இருக்கு?"

பழனிமுத்து தலையைத் தூக்கி மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.